படம் பார்த்தவர், படம் எடுத்தார்!

திருமுல்லைவாயில் ரயிலடியிலே மாலை வண்டி வந்து நின்றதும் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அம்பத்தூர்ப் பட்டறைகளிலே ஷிப்டு முடித்துவிட்டு, வெறுந்தூக்கைக் கையிலே பிடித்துக்கொண்டு, சட்டையிலே எண்ணெய்க் கறையோடு வீடு திரும்புகிற கூட்டம் அது. அந்தக் கூட்டத்திலே ஒரு பிள்ளையை நாம் அறிவோம். கடைசல் பட்டறையிலே வேலை. கழகப் படிப்பகத்துக்கு வருவான், ஏடு படிப்பான், கொடிக்கம்பத்துக்கு வண்ணம் அடிக்க வேண்டுமென்றால் முதல் ஆளாக நிற்பான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவான். கைப்பேசியை ஒரு மூங்கில் கழியிலே கட்டிக்கொண்டு, நண்பர் நால்வரை நடக்கச் சொல்லி, அழச் சொல்லி, சண்டை போடச் சொல்லிப் படம் எடுப்பான்.

அவனுடைய தகப்பனார் நம்மிடம் வந்து முறையிட்டார். படம் பார்த்துப் பார்த்தே பிள்ளை கெட்டுவிட்டானாம். நாம்தான் நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டுமாம். சரி என்று ஒப்புக்கொண்டு போனோம். போகும் வழியிலே ஒரு மனிதரின் நினைவு வந்தது. புத்தி சொல்லாமலே திரும்பிவிட்டோம். அந்த மனிதரின் கதையைத்தான் இன்று தோழர்களுக்குச் சொல்ல எண்ணுகிறோம்.

வேலூரிலே 1885-ஆம் ஆண்டு பிறந்தவர் நடராச முதலியார். தமிழ்நாட்டிலே, ஏன், தென்னாட்டிலேயே முதன்முதலாகக் கதைப்படம் எடுத்தவர். தமிழ் சினிமாவின் தந்தை என்று வரலாறு எழுதுவோர் அவரைத்தான் சுட்டுகிறார்கள். பெயருக்குப் பின்னாலே சாதி ஒட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வாலை அறுத்தெறியுங்கள் என்று செங்கற்பட்டிலே சுயமரியாதை மாநாடு கூடி முடிவு செய்தது 1929-இலேதான். வரலாற்றிலே பதிந்துவிட்ட பெயர் என்பதால் நாமும் அப்படியே எழுதுகிறோம்.

அவர் அரண்மனையிலே பிறந்தவரல்லர். கலைக்கூடத்திலே பயின்றவரல்லர். சென்னைக்கு வந்து, உறவினர் தருமலிங்க முதலியாரோடு சேர்ந்து சைக்கிள் வாணிபம் செய்தவர். அதிலே காலூன்றிய பிறகு, 1912 வாக்கிலே, அமெரிக்கக் கார்களையும் அவற்றின் உதிரி பாகங்களையும் வரவழைத்து விற்கிற தொழிலுக்குப் போனார். சக்கரம், செயின், ஸ்குரூ, திருகாணி, இவைதாம் அவருக்குத் தெரிந்த உலகம். 1949-இலே அம்பத்தூரிலே சைக்கிள் ஆலை வந்ததே, அதிலே உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் திருமுல்லைவாயிலிலே எத்தனையோ உண்டு. அந்தக் குடும்பங்களுக்கு இந்த மனிதர் அயலாராகத் தோன்றமாட்டார்.

சைக்கிள் விற்றவருக்கு சினிமா ஆசை எங்கிருந்து வந்தது? கொட்டகையிலிருந்து வந்தது! படம் பார்த்தார், அதனால் வந்தது!

பாரிஸ் நகரிலே லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு மக்களுக்குப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28. அந்த விந்தை கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தது. 1905-ஆம் ஆண்டு திருச்சியிலே, டுபான் என்ற பிரெஞ்சுக்காரர் ஏசுநாதர் வாழ்க்கையைப் படமாகக் காட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த கூட்டத்திலே சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற இளைஞரும் இருந்தார். தென்னிந்திய ரயில்வேயிலே வரைபடம் வரைகிற சின்ன வேலை, வயது இருபத்திரண்டு. வெள்ளைக்காரர் உடல்நலம் கெட்டு ஊர் திரும்ப எண்ணியபோது, கடனோ உடனோ பட்டு அந்த எந்திரத்தையும் படச் சுருள்களையும் இவர் விலைக்கு வாங்கிவிட்டார். ரயில்வே வேலையை விட்டார். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1914-இலே கோவையிலே வெரைட்டி ஹால் என்ற கொட்டகையைக் கட்டினார். ரயில்வேத் தொழிலாளி ஒருவர், ஒரு படம் பார்த்ததால், படம் காட்டுகிறவர் ஆனார்!

அதே ஏசுநாதர் கதையை, சில ஆண்டு கழித்து, பம்பாயிலே ஒரு கொட்டகையில் இன்னொருவர் பார்த்தார். அவர்தான் தாதாசாகேப் பால்கே. போட்டோ பிடித்தவர், அச்சகம் நடத்தியவர், நாற்பது வயதை எட்டியும் நிலையான தொழில் இல்லாதவர். திரையிலே ஏசுவைப் பார்த்தவருக்கு, நம் நாட்டுக் கதைகளையும் இப்படித் திரையிலே காட்டலாமே என்ற எண்ணம் எழுந்தது. இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வைத்துப் பணம் திரட்டினார். 1912-இலே லண்டன் போய்க் காமிரா வாங்கி வந்தார். 1913 மே மாதம் ‘ராஜா ஹரிச்சந்திரா’வை வெளியிட்டார். அரிச்சந்திரன் மனைவியாக நடிக்க ஒரு பெண்ணும் முன்வரவில்லை. உணவு விடுதியிலே வேலை பார்த்த சாலுங்கே என்ற ஆண்பிள்ளைக்குப் புடவை கட்டி நடிக்கவைத்தார்.

பால்கேயின் படங்கள் சென்னைக்கும் வந்தன. மக்கள் சாரை சாரையாகப் போனார்கள். போனவர்களிலே சைக்கிள் வணிகர் நடராசரும் ஒருவர். மற்றவர்கள் திரையிலே தெரிந்த தெய்வத்தைப் பார்த்துக் கன்னத்திலே போட்டுக்கொண்டார்கள். இவர் கண் தெய்வத்தின்மீது போகவில்லை. திரைக்குப் பின்னால் இருந்த தொழில்மீது போயிற்று. எப்படி எடுத்தான்? எதனால் அசைகிறது? பம்பாயிலே முடிந்தது சென்னையிலே ஏன் முடியாது? இதுதான் அவருக்குள்ளே குடைந்த கேள்வி. ஆயிரம் பேர் பார்க்கிற படத்தை ஆயிரத்தில் ஒருவர் இப்படிப் பார்க்கிறார். அந்த ஒருவர்தான் அடுத்த படத்தை எடுக்கிறார்.

ஆசை மட்டும் போதுமா? தொழில் தெரிய வேண்டாமா? அன்றைக்கு சினிமா கற்பிக்கப் பள்ளிக்கூடம் ஏது! கர்சான் பிரபுவைப் பற்றிச் செய்திப்படம் எடுத்தவர்களிலே ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரர் ஒருவர். அவரைத் தேடிப் பிடித்து, காமிராவைச் சுழற்றும் வகையை அவரிடம் கற்றுக்கொண்டார் நடராசர். தஞ்சாவூரிலே மூப்பனார் குடும்பச் செல்வர் ஒருவரிடம் வில்லியம்சன் காமிராவும், படத்தைப் பிரதி எடுக்கிற கருவியும் இருந்தன. அவற்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினார். நண்பர்களைப் பங்கு சேர்த்து இந்தியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார். புரசைவாக்கத்தை ஒட்டிய மில்லர்ஸ் சாலையிலே ஒரு பங்களாவைப் பிடித்து அதையே ஸ்டூடியோ ஆக்கினார்.

இன்றைக்கு ஸ்டூடியோ என்றால் நம் கண்முன்னே என்னென்ன தோன்றுகின்றன! அன்று அங்கே மின்விளக்குக் கிடையாது. சூரியன்தான் விளக்கு. வெயில் நேரே முகத்தில் அடித்தால் படம் கெடும் என்று, மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கூரையாகக் கட்டினார்கள். துணி வழியே வடிகட்டி வந்த வெளிச்சத்திலே நடிகர்கள் நின்றார்கள். காமிராவுக்கு மோட்டார் கிடையாது. கையாலேதான் சுழற்ற வேண்டும், நொடிக்குப் பதினாறு படம் விழுமாறு, ஒரே சீராக. கை தளர்ந்தால் திரையிலே மனிதன் பறப்பான். கை விரைந்தால் மனிதன் ஊர்ந்து நகர்வான். கடைசல் எந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்த தோழர்களுக்கு அந்தச் சீரின் அருமை தெரியும்.

எடுத்த சுருளைக் கழுவிப் பார்க்கச் சென்னையிலே வசதி இல்லை. வெப்பமும் ஒத்துவரவில்லை. ஆகவே குளிர்ச்சியான பெங்களூரிலே கழுவுவதற்கு ஏற்பாடு. சென்னையிலே எடுப்பது, ரயிலேறிப் பெங்களூர் போவது, அங்கே உதவியாளர் நாராயணசாமி ஆச்சாரியோடு சேர்ந்து கழுவுவது, திரும்பி வருவது, மறுபடி எடுப்பது! எடுத்தது சரியாக வந்ததா என்று அறியவே இருநூறு மைலுக்கு மேல் போக வேண்டும். இன்றைக்குத் திருமுல்லைவாயில் பிள்ளை, எடுத்த மறுகணமே கையிலே பார்த்துவிடுகிறான்.

படம் ‘கீசக வதம்’. 1918 வாக்கிலே வெளியாயிற்று. நீளம் ஏறக்குறைய 6,000 அடி. ஓர் அடிச் சுருளிலே பதினாறு படம் அடங்கும். நொடிக்குப் பதினாறு படம் ஓடும். அப்படியானால் நொடிக்கு ஓர் அடி. ஆறாயிரம் அடிக்கு நூறு நிமிடம். அந்த நூறு நிமிடத்துக்காக ஏறக்குறைய 96,000 படங்கள் கையால் சுழற்றி எடுக்கப்பட்டன! ஐந்து வாரத்திலே எடுத்து முடித்தார்கள். செலவு 35,000 ரூபாய். முதல் உலகப் போர் நடந்த காலம்; ஃபிலிம் சுருள் அத்தனையும் கடல் கடந்து வரவேண்டிய காலம். அந்தக் காலத்திலே ஒரு வணிகர் இத்தனை பெரிய தொகையை நிழலாட்டத்திலே போட்டார் என்றால், ஊரார் என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

கதையைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு செய்தி உண்டு. நாடகப் பேராசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் இவருடைய நண்பர். கீசகன் கதையை எடுக்கலாம் என்று தூண்டியவர் அவர். உறவினர் சிலருக்குப் பிடிக்கவில்லை. முதல் முயற்சியிலே போயும் போயும் இந்தக் கதைதானா என்று முகம் சுளித்தார்கள். நடராசர் பின்வாங்கவில்லை. நாடக மேடையிலிருந்து நடிகர்களை அழைத்தார். ராஜா முதலியார் கீசகன், ஜீவரத்தினம் திரௌபதி.

பகுத்தறிவுக் கொள்கையிலே நிற்கிற நாம், புராணப் படம் எடுத்தவரைப் போற்றலாமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். புராணத்தை நாம் ஏற்கவில்லை; அது மக்கள் மூளையிலே போட்ட தளைகளை மறக்கவுமில்லை. ஆனால் அந்தக் கதையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அரண்மனையிலே ஒரு பெண் பணிப்பெண்ணாக வேலை செய்கிறாள். மன்னனின் மைத்துனன், படைத்தலைவன், அதிகாரச் செருக்குள்ளவன், அவளைத் தொடத் துணிகிறான். அவள் சபையிலே முறையிடுகிறாள். சபை வாய் மூடிக்கொண்டிருக்கிறது. நீதி அரியணையிலிருந்து வரவில்லை, அடுக்களையிலிருந்து வருகிறது! சமையற்காரன் வேடத்திலே இருந்தவன்தான் அந்தக் கொடியவனை முடிக்கிறான்.

இது அரண்மனைக் கதை மட்டுந்தானா? சம்பளத்துக்காகக் குனிந்து வேலை செய்கிற பெண்ணிடம் மேலே இருப்பவன் அத்துமீறுவதும், புகார் சொன்னால் நிர்வாகம் காது கேளாததுபோல் இருப்பதும் ஒழிந்துவிட்டனவா? தையல் ஆலைக்குப் போகிற நம் தங்கைகளைக் கேளுங்கள். 1952-இலே கலைஞர் உரையாடல் எழுதிய ‘பராசக்தி’யிலே, ஆதரவற்ற கல்யாணி கோயிலுக்குள்ளேயே பூசாரியின் கையிலே சிக்கித் துடித்தாளே, அதைக் கண்டு நாடு கொதித்ததே! 1918-இலே அரண்மனைக்குள்ளே நடந்தது, 1952-இலே கோயிலுக்குள்ளே நடந்தது. புராணப் போர்வையிலே ஒருவர் காட்டியதைப் போர்வையை உதறிவிட்டு இன்னொருவர் காட்டினார். வேற்றுமை பெரிது, மறுக்கவில்லை. அந்த முதல் படி இல்லாமல் இந்த இரண்டாம் படி எப்படி வந்திருக்கும்?

ஊமைப்படம் ஆகையால், நடுநடுவே எழுத்தட்டை காட்டிக் கதையை விளக்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அட்டைகள் எழுதப்பட்டன. இந்தி அட்டைகளைக் காந்தியாரின் மகன் தேவதாஸ் எழுதினார் என்று திரைவரலாறு எழுதுவோர் கூறுகிறார்கள். அதையும் நாம் குறித்துக்கொள்கிறோம். வடக்கே படம் ஓட வேண்டும் என்பதற்காக ஒரு வணிகர் தாமாக விரும்பி இந்தியைச் சேர்த்தார். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை; தமிழை ஓரங்கட்டவுமில்லை. வேண்டியவன் வேண்டியபோது படிக்கிற மொழிக்கும், தலையிலே கட்டுகிற மொழிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமோ?

எல்பின்ஸ்டன் கொட்டகையிலே படம் திரையிடப்பட்டது. மக்கள் பார்த்தார்கள். சென்னையோடு நிற்கவில்லை. பர்மா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர் என்று, தமிழன் கூலியாகப் போன கரைகளுக்கெல்லாம் அந்தப் படம் போயிற்று. போட்ட 35,000 ரூபாய்க்கு 50,000 ரூபாய் திரும்பி வந்தது. ஊரார் வாயும் அடைபட்டது. தொடர்ந்து ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லவகுசா’, ‘மயில் ராவணன்’, ‘காளிங்க மர்த்தனம்’, ‘ருக்மணி சத்தியபாமா’ என்று அடுத்தடுத்துப் படங்களை எடுத்தார். அத்தனையும் புராணந்தான். வியப்பில்லை. அவர் பார்த்து வளர்ந்த படம் எது? பால்கேயின் படம். பால்கே எடுத்தது எது? புராணம். கண் எதை உண்கிறதோ அதைத்தான் கை சமைக்கிறது!

பிறகு வந்தது பேரிடி. ஸ்டூடியோவிலே தீ. பெற்ற மகனின் மரணம். பொருளும் போயிற்று, மனமும் உடைந்தது. 1923-ஆம் ஆண்டோடு அவருடைய சினிமா வாழ்வு முடிந்தது. வயது முப்பத்தெட்டுத்தான்! எத்தனை படம் எடுத்திருப்பார், என்னென்ன புதுமை செய்திருப்பார், யாரறிவார்?

அவர் ஓய்ந்தார், தொழில் ஓயவில்லை. ரகுபதி வெங்கையாவும் அவருடைய மகன் பிரகாசும் எடுத்தார்கள். ஏ. நாராயணன் எடுத்தார். 1931-இலே ‘காளிதாஸ்’ பேசியது. 1934-இலே சென்னையிலேயே பேசும்படம் தயாரானது. 1949-இலே அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’ வந்து, சீமானின் மாளிகையை நடுங்கவைத்தது. 1967-இலே அண்ணா கோட்டையிலே ஆட்சிப் பொறுப்பேற்றார். 1971 மே மாதம் நடராச முதலியார் தம் எண்பத்தாறாம் வயதிலே மறைந்தபோது, திரைக்கு உரையாடல் எழுதிய கலைஞர் இந்த நாட்டின் முதலமைச்சர்! வெள்ளைத் துணிக் கூரையின்கீழே கையால் சுழற்றிய அந்தச் சின்ன எந்திரம், ஐம்பதாண்டிலே ஓர் ஆட்சியை மாற்றுகிற ஆற்றலாக வளர்ந்ததை, வளர்ந்த காலமெல்லாம் உயிரோடிருந்தார் அந்த மனிதர்.

இன்று அவருடைய படத்தைப் பார்க்கலாமா என்றால், முடியாது. ஒன்றுகூட மிஞ்சவில்லை! அந்நாளைய சுருள் எளிதிலே தீப்பற்றும். காலத்தால் மக்கிப் பொடியாகும். காக்க வேண்டும் என்ற எண்ணமும் எவருக்கும் இருக்கவில்லை. 96,000 படங்களிலே ஓர் அடிச் சுருள்கூட நம் கையிலே இல்லை. கல்வெட்டைக் காத்தோம், ஓலைச்சுவடியைத் தேடினோம், சினிமாவைக் கூத்து என்று ஒதுக்கினோம். சினிமாவால் வளர்ந்த இயக்கத்தவர் நாம். இந்தக் குறையிலே நமக்கும் பங்குண்டு என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். ‘பராசக்தி’யைப் பார்த்துக் கைதட்டிய நாம், முதல் படம் எடுத்தவரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோமா? நடிகரின் உருவத்துக்குப் பாலை ஊற்றுகிற கையிலே ஒரு கையாவது, பழைய சுருளைத் தேடி எடுத்ததா?

இன்னொரு சைக்கிள் கதையையும் சொல்லிவிடுகிறோம். கல்கத்தாவிலே விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்த சத்யஜித் ராய், 1950-இலே லண்டன் போனார். அங்கே ‘சைக்கிள் திருடர்கள்’ என்ற இத்தாலியப் படம் பார்த்தார். சைக்கிள் திருட்டுப் போனதால் வேலையும் போய்விடுமே என்று, மகனைக் கையிலே பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக அலைகிற ஓர் ஏழைத் தொழிலாளியின் கதை. மாளிகை வேண்டாம், பெரிய நடிகர் வேண்டாம், வெயிலும் தெருவும் மனிதனும் போதும் என்று அந்தப் படம் அவருக்குக் காட்டிற்று. ஊர் திரும்பி ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கினார். நடுவழியிலே பணம் தீர்ந்தது. மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. 1955-இலே படம் வந்தது. உலகமே எழுந்து நின்று பார்த்தது. பார்த்த படம் மாறினால், எடுக்கிற படமும் மாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நல்ல விதை விழுந்த இடத்திலே, அரசும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் விளையும் என்பதற்கும் அதுவே சான்று.

ஆகவே தோழர்களே, நாம் கேட்பது மூன்று. ஒன்று, நம் படிப்பகங்களிலே மாதம் ஒருநாள் நல்ல படம் காட்டுங்கள். விசிலடிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டோம். விசிலடித்த பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்து, அந்தப் படம் என்ன சொன்னது, எப்படிச் சொன்னது, யாருக்காகச் சொன்னது என்று பேசுங்கள். இரண்டு, எஞ்சியிருக்கிற பழைய தமிழ்ப்படங்களைக் காக்க அரசை வற்புறுத்துங்கள். நம் ஆட்சியானாலும் பிறர் ஆட்சியானாலும் வற்புறுத்துங்கள். மூன்று, உங்கள் தெருவிலே ஒரு பிள்ளை கைப்பேசியைக் கழியிலே கட்டிக்கொண்டு அலைந்தால், உருப்படாதவன் என்று முத்திரை குத்தாதீர்கள். சைக்கிள் கடையிலிருந்த மனிதரையும் ஊர் அப்படித்தான் பார்த்தது.

திருமுல்லைவாயில் பிள்ளையின் தகப்பனாருக்கு இந்தக் கதையைச் சொன்னோம். உடனே ஒப்புக்கொண்டார் என்று பொய் சொல்லமாட்டோம். வீட்டு வாடகையையும் மகளின் படிப்புச் செலவையும் எண்ணிப் பார்க்கிற தகப்பன் அவர். அவர் கவலையிலே நியாயம் இருக்கிறது. பட்டறை வேலையை விடாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கட்டும் என்ற அளவுக்கு இறங்கி வந்தார். அதுபோதும். பிள்ளையிடம் நாம் சொன்னது ஒன்றுதான். நிறையப் படம் பார். ஆனால் திரையிலே தெரிகிற நாயகனை மட்டும் பார்க்காதே, திரைக்குப் பின்னாலே உழைத்த கையையும் பார். அதற்குப் பிறகு நீ எடுக்கிற படத்திலே, மாலை வண்டியிலிருந்து இறங்குகிற இந்த எண்ணெய்ச் சட்டைக் கூட்டம் இருக்கட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ரயிலடியிலேதான் நின்றுகொண்டிருந்தான்.